இன்ஜின் இறக்கிய வாசல்

வாகனத்திலிருந்து இன்ஜினைக் கழற்றி வெளியே எடுக்கும் வேலையைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘இன்ஜின் இறக்குதல்’ என்றும், பழுது நீங்கியபின் அதனை மீண்டும் பொருத்துவதை ‘இன்ஜின் ஏற்றுதல்’ என்றும் வழங்குவர். செயலின் திசையைப் பார்த்தால் இவ்வழக்கு தலைகீழானது. முன்புறத்தில் இன்ஜின் கொண்ட பழைய வாகனங்களில் அது முதலில் மேல்நோக்கித் தூக்கப்பட்டு, முகப்பைக் கடந்த பின்னரே தரைக்கு வருகிறது. பொருத்தும்போதும் மேலிருந்து கீழிறங்கியே தன் இருக்கையில் அமர்கிறது. லாரியிலிருந்து மூட்டையை இறக்குவதுபோல, வண்டி சுமந்துகொண்டிருந்த ஒன்றை அதிலிருந்து விடுவிப்பது என்னும் பொருளில் இச்சொல் நிலைத்திருக்க வேண்டும். இதனால் தூக்குதல் என்னும் பகுதி பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுசெல்லாமல் வீட்டிலேயே இவ்வேலையைச் செய்ய முற்படுவோர் ஸ்பேனர்களையும் பாக்கிங்குகளையும் முன்கூட்டியே திரட்டிவிட்டு, எதைக்கொண்டு தூக்குவது என்னும் கேள்வியைக் கடைசி மவுண்டிங் போல்ட் கழன்ற பிறகே எதிர்கொள்வதற்கு இச்சொல் வழக்கும் ஓரளவு காரணமாகலாம்.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் உள்ள கரியாலூரில் இக்கேள்வி சமவெளியில் எழுவதைக் காட்டிலும் கூர்மையாக எழுவதுண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுபட்ட தொடர்களுள் ஒன்றான இம்மலை, நெடுங்காலம் ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது; ஆகவே சமவெளியில் பேருந்து பழகிப்போன காலத்திலும் இங்கே சாலை புதுமையாகவே இருந்தது. மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் தலைச்சுமையாக இறங்கிய வழிகளில் தார்ச்சாலை ஏறியபோது, ஆளையும் மூட்டையையும் ஆட்டையும் ஒருசேர ஏற்றிச்செல்லும் ஜீப்பே மலையின் வண்டியாயிற்று. ஆனால் லேத் பட்டறைகள் மலைக்கு ஏறவில்லை. லேத் என்பது இங்கே கடைசல் இயந்திரத்தை மட்டும் குறிக்காது. சிலிண்டர் துளையை அளந்து பெரிதாக்குதல், கிராங்க் எனப்படும் வளைதண்டைத் தீட்டுதல் முதலிய இன்ஜின் வேலைகள் அனைத்தும் நடக்கும் இடத்துக்கே அப்பெயர். அவை கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் ஆத்தூரிலும் தங்கிவிட்டன. எனவே இன்ஜின் கெட்ட ஜீப்பின் உரிமையாளருக்கு இரண்டு வழிகளே இருந்தன: ஒன்று, ஓடாத வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது, மற்றொன்று, இன்ஜினை மட்டும் வீட்டு வாசலில் கழற்றி, வேறொரு ஜீப்பின் பின்பகுதியில் வைத்து அனுப்புவது.

முதல் வழியின் ஆபத்தை மலைச்சாலை ஓட்டுநர்கள் நன்கறிவர். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலையை பிரேக்கும் மீதியைத் தாழ்ந்த கியரில் ஓடும் இன்ஜினும் பகிர்ந்துகொள்கின்றன. இன்ஜின் செயலிழந்த வண்டியோ முழு எடையோடும் முன்னால் இழுக்கும் வண்டியின் முதுகில் சாய்கிறது. இக்காரணத்தாலேயே, 1998ஆம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கும் தறுவாயில், இக்கட்டுரையாளரின் தந்தை தம் ஜீப்பின் இன்ஜினை வாசலிலேயே இறக்குவதென்று முடிவு செய்தார். அப்போது கரியாலூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான். கட்டுரையாளருக்குப் பள்ளிக்குச் செல்லும் வயது. வேலை நடந்த நான்கு நாள்களில் எத்தனை நாள் அவர் பள்ளிக்குச் சென்றார் என்பதை வீட்டில் எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த ஜீப்பில் இருந்தது பியூஜோ டீசல் இன்ஜின். மகிந்திரா நிறுவனம் பிரான்சின் பியூஜோவிடம் 1979இல் உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த எக்ஸ்டிபி 4.90 என்னும் வகை அது. பெயரிலுள்ள 4 சிலிண்டர்களின் எண்ணிக்கையையும், 90 சிலிண்டர் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிப்பன. கொள்ளளவு 2112 சிசி. ஏர் கிளீனரைக் கவனிக்காமல் விட்டதில் மலைப்புழுதி உட்புகுந்து பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துபோயிருந்தன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அடித்தது. எரிந்த வாயு பிஸ்டனைக் கடந்து அடிப்பகுதிக்குக் கசியும் இக்குறையை மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பர். குறை வண்டியில் இல்லை, வண்டிக்காரரிடமே இருந்தது என்பதைத் தந்தையே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

தூக்கும் கருவியைத் தேர்பவர் முதலில் அறிய வேண்டியது சுமையின் எடை. இதில்தான் பெரும்பாலோர் தேவைக்கு மேல் கவலைப்படுகின்றனர். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் அலுமினிய இன்ஜினைத் துணைப்பொருள்கள் நீங்கலாக இரண்டு மூன்று ஆள்கள் கம்பு கொடுத்துத் தூக்கிவிட முடியும். நான்கு சிலிண்டர் இரும்பு டீசல் இன்ஜின் அவ்வாறன்று. அதனுடன் கிளட்ச், பிளைவீல், டைனமோ, ஸ்டார்ட்டர், உள்ளே தங்கிய ஆயில் ஆகியவற்றையும், கியர் பாக்ஸைப் பிரிக்காமல் எடுப்பதாயின் அதனையும் சேர்த்து, கால் டன், அதாவது 250 கிலோ, என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பானது. கால் டன் என்பது தூக்கும் கருவிகளின் உலகில் சிறிய எடையே. கடையில் கிடைக்கும் மிகச் சாதாரணக் கருவியும் அதைப்போல் இருமடங்கைத் தாங்கும். அவ்வாறாயின் வீடுகளில் இன்ஜின் விழுவது ஏன் என்று கேட்கத் தோன்றும். கருவி எதில் தொங்குகிறது, எந்தத் தரையில் நிற்கிறது, தூக்கியபின் சுமையும் வண்டியும் எந்தப் பக்கம் விலகும் என்னும் மூன்றும் கருவியின் மேல் பொறித்த டன் கணக்கில் அடங்குவதில்லை. கரியாலூர் வாசலில் கிடைத்த அனுபவம் ஏறத்தாழ முழுவதும் இம்மூன்றைப் பற்றியதே.

வீட்டின் கிழக்கே ஒரு புளியமரம் இருந்தது. தமிழ்நாட்டில் இன்ஜின் தூக்கப் பயன்பட்ட மிகப் பழைய கருவி புளியங்கிளை என்று சொன்னால் அது மிகையாகாது. சாலையோரப் பட்டறைகள் பல புளியமர நிழலில் தொடங்கியதற்கு நிழல் மட்டுமே காரணமன்று. தந்தையின் எண்ணமும் முதலில் அதன்மேலேயே சென்றது. தொடைப் பருமனுள்ள ஒரு கிளையில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் சங்கிலியைப் போட்டுக் கப்பி கட்டுவதென்று அவர் திட்டமிட்டிருந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து வந்திருந்த மெக்கானிக் மரத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லை. அடியில் நின்று தரையைப் பார்த்தார்.

“அண்ணே, மரம் தாங்கும். வண்டி எந்தப் பக்கம்ணே போவும்?”

புளியமரத்தின் ஒருபுறம் கல்கட்டு, மறுபுறம் சரிவு. கிளைக்கு நேர்கீழே வண்டியை நிறுத்தலாம். ஆனால் இன்ஜின் அந்தரத்தில் தொங்கும் நிலையில் வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டுமெனில் மேட்டில் ஏற்ற வேண்டும், முன்னுக்குத் தள்ளினால் தொங்கும் இன்ஜின் மீதே மோதும். தூக்குவது வேறு, நகர்த்துவது வேறு என்பதை இவ்வொரு கேள்வி விளக்கிவிட்டது. மேலும் கிளை என்பது அசையாத தாங்கியன்று. சுமை ஏற ஏற அது வளைகிறது. வளைந்ததைப் பார்த்துக்கொண்டே தூக்கலாம் என்றாலும், சுமையை விடுவிக்கும் கணத்தில் அது மீண்டெழுந்து கப்பியை உதறுகிறது. மரத்தைக் கைவிட்டபின் எழுந்த அடுத்த யோசனை திண்ணை உத்திரம். ஓட்டு வீட்டின் உத்திரம் கூரையின் எடையைச் சுவருக்குக் கடத்துவதற்காக அமைந்தது. அதன் நடுவில் கால் டன்னை ஒரே புள்ளியில் தொங்கவிடுவது வேறு வகைச் சுமை. திண்ணையின் தாழ்வாரம் ஏழடி உயரமே இருந்ததால் அந்த யோசனை விவாதத்துக்கே வரவில்லை.

உயரத்தைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்வது பொருந்தும், ஏனெனில் வீட்டில் இவ்வேலையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் உயரக் கணக்கில்தான் தவறியிருக்கின்றனர். ஜீப்பின் முகப்புத் தகடு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். அதனைத் தாண்ட வேண்டிய இன்ஜின், அடியிலுள்ள ஆயில் தொட்டி முதல் தலைப்பகுதி வரை சுமார் 70 சென்டிமீட்டர். இன்ஜினுக்கும் கொக்கிக்கும் இடையே சங்கிலிக்கு 40 சென்டிமீட்டர் வேண்டும். அதன்மேல் கப்பி தன் மேற்கொக்கிக்கும் கீழ்க்கொக்கிக்கும் இடையே, முழுவதும் சுருட்டிய நிலையிலும், 30 முதல் 35 சென்டிமீட்டர் இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. இதனைக் கருவியின் மூடுநிலை உயரம் எனலாம். எல்லாம் சேர்ந்து இரண்டரை மீட்டரை எட்டிவிடுகிறது. மெக்கானிக் இதற்குக் கண்ட குறுக்குவழி ஜீப்பின் அமைப்பிலேயே இருந்தது: வில்லிஸ் மரபில் வந்த ஜீப்புகளில் முகப்புத் தகட்டை ரேடியேட்டரோடு சேர்த்துச் சட்டத்திலிருந்து போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். முகப்பு போனபின் இன்ஜின் ஒரு மீட்டர் உயர வேண்டியதில்லை. மவுண்டிங்குகளைவிட்டு எழும்பி முன்னால் வந்தால் போதும். கருவியைப் பெரிதாக்குவதற்குப் பதிலாகத் தடையைச் சிறிதாக்குவது என்னும் இந்த அணுகுமுறை எந்த வாகனத்துக்கும் பொருந்தும். ஆயினும் அரை மணி நேரக் கழற்றல் வேலையைத் தவிர்ப்பதற்காகக் கூடுதல் உயரத்தைத் தேடி அலைவதே வழக்கமாக இருக்கிறது.

கப்பி மலையடிவாரத்திலிருந்து வாடகைக்கு வந்தது. ஆழ்குழாய்க் கிணறுகளில் நீர்மூழ்கி மோட்டார்களை ஏற்றி இறக்குவோர் பயன்படுத்தும் ஒரு டன் செயின் பிளாக் அது. சங்கிலிக் கப்பி என்றும் அழைக்கப்படும் இக்கருவியில் இரண்டு சங்கிலிகள் உண்டு: கையால் இழுப்பதற்கு மெல்லிய முடிவற்ற சங்கிலி ஒன்று, சுமையைத் தாங்குவதற்குக் கடினப்படுத்திய எஃகுச் சங்கிலி மற்றொன்று. இரண்டுக்கும் இடையே பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குகின்றன. கைச்சங்கிலியை ஒரு மீட்டர் இழுத்தால் சுமை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே எழும்புகிறது. அதற்கு ஈடாக, கால் டன் இன்ஜினைத் தூக்கத் தேவைப்படும் கைவிசை ஒரு குடம் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைப்பதைவிடக் குறைவு. இக்கருவியின் முன்னோடியான வேறுபாட்டுக் கப்பியை இங்கிலாந்தின் தாமஸ் ஆல்டிரிட்ஜ் வெஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாக்கினார். கையை விட்டாலும் சுமை இறங்காமல் பிடித்து நிறுத்தும் பிரேக் அமைப்பும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் நுட்பம் எளியது. சுமை கீழிழுக்கும் விசையே ஒரு திருகை முறுக்கி, உராய்வுத் தகடுகளை ஒரு பற்சக்கரத்தின் மேல் அழுத்துகிறது. சுமை கூடுந்தோறும் பிடியும் கூடுகிறது. கைச்சங்கிலியை எதிர்ப்புறம் இழுக்கும்போது மட்டும் திருகு சற்றே தளர்ந்து, இழுத்த அளவுக்குச் சுமை இறங்குகிறது.

இந்நுட்பம் தெரியாததால் செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. துருப்பிடித்த செயின் பிளாக்கைக் கண்டவுடன் அதன்மேல் கழிவு ஆயிலை ஊற்றுவது பட்டறைப் பழக்கம். சுமைச் சங்கிலிக்கு ஆயில் நல்லது. உலர்நிலையில் பற்ற வேண்டிய பிரேக் தகடுகளுக்கு அதுவே கேடு. வாடகைக்கு வந்த கப்பி கருத்துப் பளபளத்தது. அவ்வீட்டார் அதனை நல்ல பராமரிப்பின் அறிகுறி என்று கருதினர். மெக்கானிக்கோ முதலில் இரண்டு சிமெண்ட் மூட்டைகளைச் சேர்த்துக் கட்டி முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, பீடி ஒன்று பற்றவைத்து முடிக்கும் வரை அதனைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மூட்டைகள் இறங்கவில்லை. சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட கால அளவு எந்தத் தரநிலையிலும் இல்லை என்றாலும், சுமையின் கீழ் எவரும் நிற்பதற்கு முன் கருவியைச் சுமையோடு நிறுத்திப் பார்க்கும் அந்த ஒழுங்கு தரநிலைகளின் கருத்தோடு ஒத்ததே. கையால் இயங்கும் சங்கிலிக் கப்பிகளுக்கு ஐஎஸ் 3832 என்னும் இந்தியத் தரநிலை இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு தூக்கும் கருவிகள், சங்கிலிகள், கயிறுகள் அனைத்தையும் தகுதி வாய்ந்த ஒருவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. வீட்டு வாசல் தொழிற்சாலையன்று. அங்கே பீடி பற்றிய நேரமே சட்டம்.

கப்பியைத் தொங்கவிடுவதற்கு முக்காலி தேவைப்பட்டது. மூன்று கால்களை உச்சியில் ஒன்றாகப் பிணைத்து விரித்து நிறுத்தும் இவ்வமைப்பு கிணறு வெட்டுவோருக்கும் மோட்டார் இறக்குவோருக்கும் பழகியது. மூன்று கால்கள் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும் என்பதே அதன் சிறப்பு. நான்கு கால் கட்டில் ஆடுவதும் மூன்று கால் அடுப்பு ஆடாததும் ஒரே வடிவியல் உண்மையின் இரு முகங்கள். தந்தை கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டங்குல ஜிஐ பைப்பில் பத்தடித் துண்டுகள் மூன்றினை வெட்டி வரவழைத்தார். 20 அடி நீளத்தில் விற்கும் பைப்பில் அது ஒன்றரை பைப். மீந்த பத்தடி பின்னர் ஆட்டுப்பட்டிக்குக் கதவு நிலையாயிற்று. உச்சியில் துளையிட்டு ஒரு தடித்த போல்ட்டில் மூன்றையும் கோத்து, அதில் கப்பியின் மேற்கொக்கியை மாட்டினர்.

கால்கள் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து நின்றால், உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரத்திலும், பாதங்கள் ஒன்றுக்கொன்று இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலும் அமைகின்றன. ஜீப்பை உள்ளே விடுவதற்கு இது போதும் என்று காகிதத்தில் தோன்றியது. ஆனால் கால்கள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதால், மட்கார்டின் உயரத்தில் எஞ்சிய இடைவெளி இருபுறமும் கைவிரல்கள் நுழையும் அளவே. இரண்டு கால்களை ஜீப்பின் இருபக்கமும், மூன்றாவதை முகப்புக்கு எதிரே நடுவிலும் நிறுத்தியதில் ஒரு நன்மை கிடைத்தது: இன்ஜின் எழும்பியதும் வண்டியை அவ்விரு கால்களுக்கிடையே நேராகப் பின்னோக்கி உருட்டிவிடலாம். வாசலின் அந்தப் பகுதி சற்றேறக்குறைய சமதளம். புளியமரத்தடியில் விடை கிடைக்காத கேள்விக்கு இங்கே விடை இருந்தது.

விடையில் விடுபட்டிருந்தது மழை. முந்தைய இரவு பெய்த மழையில் செம்மண் வாசல் ஊறியிருந்தது. காலை வெயிலில் மேற்பரப்பு காய்ந்துவிட்டதால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 250 கிலோவை மூன்று கால்களும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொரு பாதத்தின் கீழும் இறங்குவது 83 கிலோ. ஓர் ஆளின் எடையைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் ஆளின் பாதம் அகலமானது. பைப்பின் முனையோ வெறும் வளையம். அதன் உலோகப் பரப்பு ஆறேழு சதுர சென்டிமீட்டரைத் தாண்டாது. 83 கிலோ அந்த வளையத்தின் வழியே மண்ணில் இறங்கும்போது பைப் கத்தியைப் போலச் செயல்படுகிறது. அத்துடன், சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு காலும் கீழே அழுத்துவதோடு நில்லாமல் வெளிப்புறமாகவும் உந்துகிறது. 30 பாகைச் சாய்வில் அவ்வுந்துவிசை காலுக்கு ஏறத்தாழ 50 கிலோ. காய்ந்த மண்ணில் உராய்வு இதனைத் தடுத்துவிடும். நனைந்த மண்ணில் தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

மவுண்டிங்குகள் கழன்று, பெல் ஹவுசிங் எனப்படும் கிளட்ச் உறை கியர் பாக்ஸிலிருந்து விலகி, இன்ஜின் ஒரு சாண் உயர்ந்திருந்தபோது, வலப்புறக் கால் முதலில் ஓசையின்றி நான்கு விரல் இறங்கியது. பின்னர் வெளிப்புறமாக நகர்ந்தது. முக்காலி விழவில்லை. உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் இன்ஜின் ஊஞ்சலைப் போல ஆடி மட்கார்டின் உட்சுவரில் மோதி நின்றது. டீசலைச் சிலிண்டருக்குக் கொண்டுசெல்லும் இன்ஜெக்டர் குழாய்களுள் ஒன்று நசுங்கியது. மட்கார்டில் ஒரு குழி விழுந்தது. மெக்கானிக்கின் கை அந்நேரம் இன்ஜினுக்கும் மட்கார்டுக்கும் இடையில் இல்லை. சற்று முன்வரை இருந்தது. அதன்பின் சிறிது நேரம் வாசலில் எவரும் பேசவில்லை. தாய் மட்டும் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், இக்கட்டுரையாளரின் தோளைப் பிடித்துத் திண்ணைக்கு இழுத்துச்சென்று உட்கார வைத்தார்.

ஜாக்கியை முட்டுக் கொடுத்து இன்ஜினைத் தாங்கியபின், செய்ய வேண்டியிருந்ததெல்லாம் மிகச் சிறியவை. ஒவ்வொரு பாதத்தின் கீழும் ஓரடிச் சதுரப் பலகை வைக்கப்பட்டது. ஆறேழு சதுர சென்டிமீட்டரில் இறங்கிய எடை இப்போது 900 சதுர சென்டிமீட்டரில் பரவியது. பலகையிலிருந்து பைப் வழுக்காமலிருக்க அதன்மேல் குறுக்குச் சட்டங்கள் அறையப்பட்டன. மூன்று பாதங்களையும் சுற்றி, மாடு கட்டும் சங்கிலியும் தாம்புக்கயிறும் சேர்த்து ஒரு முக்கோணமாக இறுகக் கட்டப்பட்டது. வெளிப்புற உந்துவிசையை இனி மண் தாங்க வேண்டியதில்லை, கட்டே தாங்கியது. முக்காலியை விற்பவர் எவரும் பலகையையும் பாதச்சங்கிலியையும் சேர்த்து விற்பதில்லை. கருவி என்று எண்ணப்படுவது பைப்பும் கப்பியுமே. உண்மையில் அன்று வாசலில் இல்லாதிருந்த கருவி ஒரு பலகைத்துண்டு.

இன்ஜினைக் கொக்கியோடு இணைக்கும் கண்ணி பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய் நார்க்கயிற்றால் இன்ஜினைச் சுற்றிக் கட்டும் வழக்கம் மலையில் இருந்தது. நார்க்கயிறு ஆயிலில் ஊறினால் நழுவும், முடிச்சு விழுந்த இடத்தில் எந்தக் கயிறும் தன் வலுவில் பாதி வரை இழக்கும். சிலிண்டர் தலையில் முன்னும் பின்னும் போல்ட் போட்டு அவற்றுக்கிடையே சங்கிலியை மாட்டி, நடுவில் தூக்குவதே சிறந்த முறை. ஆனால் சங்கிலி குட்டையாக இருந்தால் அதன் இரு கைகளும் படுத்த நிலைக்கு வந்துவிடுகின்றன. கைகளுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகையாக இருக்கும்போது ஒவ்வொரு கையும் தாங்குவது 144 கிலோ. 90 பாகையில் 177 கிலோ. 120 பாகையில் ஒவ்வொரு கையும் தனியாக முழு 250 கிலோவையும் தாங்குகிறது. 150 பாகைக்குச் சென்றால் அது 480 கிலோவைக் கடந்துவிடுகிறது. உயரம் போதாத இடத்தில் சங்கிலியைக் குட்டையாக்கி உயரத்தை மிச்சப்படுத்துபவர், மிச்சப்படுத்திய ஒவ்வோர் அங்குலத்துக்கும் போல்ட்டின்மேல் விலை செலுத்துகிறார்.

கட்டுரையாளர் பின்னாளில் சமவெளி நகரங்களின் பட்டறைகளில் கண்ட இன்ஜின் கிரேன் இவ்வனுபவத்தின் வெளிச்சத்தில் வேறாகத் தெரிந்தது. சக்கரமுள்ள இரு கால்கள், நடுவில் ஒரு தூண், ஹைட்ராலிக் ஜாக்கியால் உயரும் நீண்ட கை: பார்ப்பதற்கு முழுமையான கருவி, மடித்து மூலையில் சாய்த்து வைக்கலாம். அதன் பக்கத்தில் இரண்டு டன் என்று எழுதியிருக்கும். அந்த இரண்டு டன் கையை முழுவதும் உள்ளிழுத்த நிலைக்கு உரியது; இன்ஜினை எட்டும் பொருட்டுக் கையைக் கடைசித் துளை வரை நீட்டினால் அதே கருவியின் தாங்குதிறன் பெரும்பாலும் அரை டன்னாகக் குறைந்துவிடும். கால் டன் இன்ஜினுக்கு அரை டன்னும் போதுமே என்றால், ஆம், சிமெண்ட் தரையில் போதும். அதன் சிறிய இரும்புச் சக்கரங்கள் வழுவழுப்பான தரைக்காகவே அமைந்தவை. கரியாலூரின் செம்மண் வாசலில் அவை முதல் உருட்டலிலேயே புதைந்திருக்கும், புதைந்த சக்கரத்தை உந்தும்போது உயரத்தில் தொங்கும் சுமை கருவியையே கவிழ்க்க முனையும். சுமையை எடுத்துக்கொண்டு நகர்வது கிரேனின் பெருமை. சுமையை அதே இடத்தில் நிறுத்திவைத்து வண்டியை நகர்த்துவது முக்காலியின் வரம்பு. மண்தரையில் அந்த வரம்பே பாதுகாப்பு.

மற்றக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிறிய மின்சாரத் தூக்கிகள் விலை குறைந்து கிடைக்கின்றன. அவற்றின் வேகம் பொத்தானுக்குக் கட்டுப்பட்டது, கைக்கு அன்று. மரத்தடி இழுக்கும் ராட்செட் இழுவைகள் கிடைமட்ட இழுப்புக்கு உரியவை. அவற்றைத் தூக்குவதற்குப் பயன்படுத்துவது ஆபத்து. இக்காலத்தில் மலையிலும் ஜேசிபி கிடைப்பதால் அதன் வாளியில் சங்கிலியை மாட்டி ஐந்து நிமிடத்தில் இன்ஜினை எடுத்துவிடுகின்றனர். எடுப்பதற்கு அது போதும்.

பொருத்துவதற்குப் போதாது. லேத்திலிருந்து பத்து நாள் கழித்துத் திரும்பிவந்த இன்ஜினை ஏற்றியபோதுதான் செயின் பிளாக்கின் மெதுவான இயக்கத்துக்குப் பொருள் விளங்கியது. கியர் பாக்ஸிலிருந்து முன்னோக்கி நீளும் வரித்தண்டு, கிளட்ச் தகட்டின் பல்வரிகளுக்குள் நுழைந்து, பிளைவீலின் நடுவிலுள்ள சிறு புஷ்ஷில் முனை பதித்தால்தான் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒட்டும். தொங்கும் கால் டன் எடை ஒரு நூல் அளவு உயர்ந்திருந்தாலும், முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் தண்டு நுழையாது. போல்ட்டை இறுக்கி வலுவில் இழுத்தால் கிளட்ச் தகட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். மெக்கானிக் வண்டியின் கீழே படுத்துக்கொண்டு, கப்பியின் அருகே நின்ற தந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டே சொற்கள்தாம்: “ஒரு கண்ணி”. கைச்சங்கிலியில் ஒரு கண்ணி இழுத்தால் இன்ஜின் ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது. அந்த அளவே அவருக்கு வேண்டியிருந்தது. வண்டியை ஒருவர் பின்னிருந்து மெல்ல உந்த, மற்றொருவர் கிராங்க் முனையில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைச் சிறிது திருப்ப, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் தண்டு வரிகளில் நழுவி நுழைந்து, உறையும் பெட்டியும் ‘தட்’டென்று ஒட்டின. அன்று மாலை ஜீப் புகையின்றி ஓடியது என்று எழுதுவது வழக்கம். உண்மையில் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு மறுநாள் நண்பகல் ஆயிற்று.

இக்காலக் கார்கள் பலவற்றில் இன்ஜினும் கியர் பாக்ஸும் குறுக்குச் சட்டமும் ஒரே தொகுதியாகக் கீழிருந்து பொருத்தப்படுகின்றன; பழுதுபார்க்கும்போது காரைத்தான் உயர்த்துகின்றனர், இன்ஜின் மேசையின் மேல் கீழே தங்கிவிடுகிறது. மெக்கானிக்குகளின் பழஞ்சொல் இப்போதுதான் செயலோடு பொருந்திவந்திருக்கிறது.

கரியாலூர் முக்காலி அதன்பின் இன்ஜின் எதனையும் தூக்கவில்லை. மலையில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபோது மோட்டார் எடுப்பதற்காக அதனை ஊரார் இரவல் வாங்கிச் சென்றனர். தந்தை பைப்புகளைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. திருப்பித் தரும்போது பலகைகள் மூன்றும் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்வார்.